கடலில் வீசிய கட்டை

வங்கிக் கணக்கைப் பார்க்க, ரயில் டிக்கெட் எடுக்க, பிள்ளையின் பரீட்சை முடிவைத் தேட என்று நாள் முழுக்க எதிலாவது 'லாகின்' பண்ணிக்கொண்டே இருக்கிறோம். "லாகின் ஆகல சார், சர்வர் டவுன்" என்பது இ-சேவை மையங்களில் தினமும் கேட்கிற வாசகம். இதில் உள்ள 'லாக்' கம்ப்யூட்டர்காரர்கள் உண்டாக்கிய சொல் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பள்ளிக்கூடத்து லாகரிதத்தோடு இதை முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது மரக்கட்டை. விறகுக்கடையில் அடுக்கியிருப்பார்களே, அந்தக் கட்டைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ அதே பெயர்.

அந்தக் கட்டை முதலில் கடலில்தான் விழுந்தது. நடுக்கடலில் போகும் கப்பல் என்ன வேகத்தில் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கரை தெரியாது, மைல்கல் கிடையாது. பழைய மாலுமிகள் கப்பலின் அணியத்தில் நின்று ஒரு மரச்சில்லைத் தண்ணீரில் போடுவார்கள். அது கப்பலின் பின்முனையைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாய்க்குள் எண்ணுவார்கள். கப்பலின் நீளம் தெரியும், நேரமும் தெரிந்தால் வேகம் கிடைத்துவிடும். இதையே கயிறு கட்டிச் செய்யும் முறையை, கிரேவ்சென்ட் ஊரைச் சேர்ந்த வில்லியம் போர்ன் 1574-இல் வெளியிட்ட 'எ ரெஜிமென்ட் ஃபார் தி சீ' என்ற நூலில் எழுதிவைத்தார். போர்ன் பெரிய கல்விமான் ஒன்றும் இல்லை. சத்திரம் நடத்தியவர், பீரங்கிப் படையில் இருந்தவர். சாதாரண மாலுமிக்குப் புரிகிற மாதிரி எழுதத் தெரிந்தவர்.

நாளடைவில் கட்டைக்கு ஓர் உருவம் அமைந்தது. வட்டத்தில் கால்பங்கு வெட்டியது போன்ற பலகை. வளைந்த விளிம்பில் ஈயம் அடித்திருப்பார்கள், அப்போதுதான் தண்ணீரில் செங்குத்தாக நிற்கும். மூன்று மூலையிலிருந்தும் மூன்று சிறு கயிறுகள் வந்து ஒரு நீளக் கயிற்றில் சேரும். அவற்றில் ஒன்றை மட்டும் ஒரு மர ஆணியால் செருகியிருப்பார்கள். கப்பலின் பின்புறத்திலிருந்து பலகையை வீசினால் அது தண்ணீரை முட்டிக்கொண்டு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கும். கப்பல் முன்னே போகப் போகக் கயிறு ராட்டிலிருந்து உருவிக்கொண்டு ஓடும். வேலை முடிந்ததும் ஒரு சுண்டு சுண்டினால் ஆணி கழன்று பலகை படுத்துக்கொள்ளும். பிறகு இழுப்பது சுலபம். கழலும் அந்த ஆணியை யோசித்தவன் யாரோ, அவனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இதற்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவன் ராட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பான். ஒருவன் கையில் மணற்கடிகாரம். மூன்றாமவர் அதிகாரி, கட்டையை வீசுகிறவர். முதலில் ஓடும் கொஞ்சக் கயிறு கணக்கில் வராது. கப்பலின் சுழிப்பைத் தாண்டிக் கட்டை அமைதியான தண்ணீருக்குப் போகட்டும் என்று விடுவது அது. அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துணித்துண்டு கட்டியிருக்கும். துணி கையைக் கடந்ததும் அதிகாரி 'திருப்பு' என்பார், மணற்கடிகாரம் கவிழும். மணல் தீர்ந்ததும் 'நிறுத்து' என்று குரல் வரும். அதற்குள் கயிற்றில் எத்தனை முடிச்சு ஓடியிருக்கிறது என்று எண்ண வேண்டும். கப்பலின் வேகத்தை இன்றும் 'நாட்' என்று சொல்வது இந்த முடிச்சால்தான். பிற்காலத்துக் கணக்குப்படி மணற்கடிகாரம் 28 விநாடி, முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம். ஒரு மணி நேரத்தில் 28 விநாடி எத்தனையாவது பங்கோ, ஒரு கடல் மைலில் 47 அடி 3 அங்குலமும் அத்தனையாவது பங்கு. ஆகவே ஐந்து முடிச்சு ஓடினால் மணிக்கு ஐந்து கடல் மைல். பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும்.

இந்த இடைவெளியில் ஒரு நூற்றாண்டுச் சண்டையே இருந்தது. ஆரம்பத்தில் 30 விநாடிக்கு 42 அடி என்று வைத்திருந்தார்கள். பூமியை உண்மையைவிடச் சிறியதாக நினைத்திருந்த காலத்துக் கணக்கு அது. ரிச்சர்ட் நார்வுட் என்ற கணித ஆசிரியர் 1630-களில் லண்டனிலிருந்து யார்க் வரை சங்கிலியாலும் காலடியாலும் அளந்துகொண்டே போய், பூமியின் ஒரு பாகை எவ்வளவு நீளம் என்று கண்டார். 42 அடி போதாது, 50 அடியாவது வேண்டும் என்று 1637-இல் எழுதினார். மாலுமிகள் லேசில் மசியவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. முடிச்சு நெருக்கமாக இருந்தால் கப்பல் உண்மையைவிட வேகமாகப் போவதாகக் கணக்கு வரும். கரை நெருங்கிவிட்டது என்று கணக்கு முன்கூட்டியே எச்சரிக்கும். கப்பல் முன்னே போய்ப் பாறையில் மோதிய பிறகு கணக்கு வந்து சேர்வதைவிட இது மேல் அல்லவா?

கட்டையைப் போட்டு எண்ணினால் மட்டும் தீராது, அதைக் குறித்துவைக்க வேண்டும். போன திசையையும் வேகத்தையும் மணிக்கணக்காகக் கூட்டித்தான் கப்பல் எங்கே இருக்கிறது என்று ஊகிக்க முடியும். புத்தகம்போல மடங்கும் இரண்டு கரும்பலகைகள் இருந்தன. அவற்றில் மணி, முடிச்சு, திசை, காற்று என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு முறையும் சாக்பீஸால் எழுதினார்கள். அதுதான் 'லாக் போர்டு', கட்டையின் கணக்குப் பலகை. நண்பகலில் அதையெல்லாம் ஒரு நோட்டில் படி எடுத்துவிட்டுப் பலகையைத் துடைப்பார்கள். அந்த நோட்டு 'லாக் புக்'. பிரிட்டிஷ் கடற்படையில் 1805 வரை கப்பலின் நாளே நண்பகலில்தான் பிறந்தது. நாள் மாறும் நேரத்தை அந்த நோட்டுதான் தீர்மானித்தது என்று சொன்னாலும் தவறில்லை.

இங்கேதான் கட்டை தன் பெயரை நோட்டுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கத் தொடங்குகிறது. நோட்டில் வேகம் மட்டுமா எழுதினார்கள்? புயல், நோய், சாவு, எதிரே வந்த கப்பல், மிச்சமிருக்கும் குடிதண்ணீர், நங்கூரம் போட்ட இடம் எல்லாம் ஏறியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவர்கள் பயணம் முடிந்ததும் நோட்டை லண்டனில் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். அன்று துறைமுகமே இல்லாத சென்னைக் கடற்கரைக்கு எதிரே, திறந்த கடலில் நங்கூரமிட்டு, கரைக்குக் கொண்டுசேர்க்கும் மசூலாப் படகுக்குக் காத்துக் கிடந்த நாட்களின் குறிப்புகள் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அமெரிக்கக் கடற்படையின் மேத்யூ மோரி 1842-இல் வரைபடக் கிடங்குக்குப் பொறுப்பேற்றபோது, அங்கே பழைய லாக் புத்தகங்கள் தூசு படிந்து கிடந்தன. அவற்றைப் பிரித்து, எந்த மாதம் எந்தக் கடலில் காற்றும் நீரோட்டமும் எப்படி இருந்தன என்று தொகுத்து 1847 முதல் வரைபடங்களாக வெளியிட்டார். பழைய காகிதக் கடைக்குப் போயிருக்க வேண்டியவை அவை.

கட்டையின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் கப்பல் தலைவர் வில்லியம் ப்ளையுடையது. 1789 ஏப்ரல் 28 அன்று 'பவுன்டி' கப்பலில் கலகம் செய்தவர்கள், அவரையும் உடன் பதினெட்டுப் பேரையும் 23 அடிப் படகில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். வரைபடம் இல்லை, சோறு தண்ணீர் அளந்து அளந்துதான். அந்த நிலையிலும் அந்த மனிதர் இருந்த கயிற்றில் முடிச்சுப் போட்டு ஒரு லாக் கயிறு செய்தார். மணற்கடிகாரத்துக்குப் பதில், விநாடியைச் சரியாக எண்ணப் படகிலிருந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தினமும் குறித்தார். 3,600 கடல் மைலுக்கு மேல் கடந்து ஜூன் 14-ஆம் தேதி திமோர் தீவின் குபாங்கில் கரையேறினார்கள். மழையில் நனைந்த அந்தக் குறிப்பேடு இன்று ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ப்ளை கடுமையான ஆள் என்பார்கள், இருக்கலாம். கணக்கு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பெயர்ச்சொல்லாக இருந்த 'லாக்' இதற்கிடையில் வினைச்சொல்லாகவும் மாறியது. நோட்டில் ஏற்றுவது என்று அர்த்தம். மனிதர்களையும் அப்படி ஏற்றினார்கள், நல்ல காரியத்துக்கு அல்ல. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் அரசாங்க லாக் புத்தகம் 1850-இல் கட்டாயமானது. குடித்துவிட்டு வேலைக்கு வராதவன், மேலதிகாரியை எதிர்த்துப் பேசியவன் பெயர்களையெல்லாம் அதில் எழுதி, எழுதியதை அவனிடமே படித்துக் காட்டி, சம்பளத்தில் பிடிப்பார்கள். மாலுமி பேச்சில் ஒருவனை 'லாக்' பண்ணிவிட்டார்கள் என்றால் அவனுக்கு அபராதம் விழுந்தது என்று பொருள். இன்று நாம் தினம் பத்து முறை நம்மை நாமே லாக் பண்ணிக்கொள்கிறோம்!

தண்ணீரில் வீசிய கட்டைக்கு ஓய்வு கொடுத்தவை இயந்திரங்கள். எட்வர்ட் மாஸி என்ற கடிகாரக்காரர் 1802-இல் காப்புரிமை பெற்ற கருவி, கயிற்றின் நுனியில் சுழலும் சக்கரத்தால் தூரத்தைத் தானே எண்ணியது. தாமஸ் வாக்கர் அதை மேம்படுத்தினார். மரமே இல்லாத அந்தப் பித்தளைக் கருவிக்கும் 'லாக்' என்றுதான் பெயர்.

நோட்டு மட்டும் கரையேறி எங்கும் பரவியது. கலங்கரை விளக்கம், ரயில் எஞ்சின், விமானம், மின் நிலையம் எதையும் விடவில்லை. நம்மூர் துணைமின் நிலையத்தில் பணியில் இருப்பவர் மணிக்கொரு முறை வோல்டேஜும் ஆம்பியரும் பார்த்து எழுதுகிறாரே, அந்த 'லாக் ஷீட்' இந்த வம்சம்தான். அரசாங்க ஜீப்பின் முன்பெட்டியில் கிடக்கும் லாக் புக்கும் அப்படியே. புறப்பட்ட கிலோமீட்டர், சேர்ந்த கிலோமீட்டர், போன காரியம், அதிகாரி கையெழுத்து. கப்பல் தலைவன் எழுதியதும் கிட்டத்தட்ட இதே கட்டங்கள்தான். (டீசல் கணக்கில் கட்டம் எப்படி நிறைகிறது என்பது தனிக் கதை, அதை இங்கே எடுக்க வேண்டாம்.)

கம்ப்யூட்டர் பிறந்தபோது அதன் அருகிலும் ஒரு லாக் புக் வைத்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயங்கிய மார்க்-2 இயந்திரத்தின் ரிலே ஒன்றில், 1947 செப்டம்பர் 9 அன்று ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து, நேரத்தோடு குறிப்பும் எழுதி, லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பூச்சி அந்தப் பக்கத்தோடேயே இருக்கிறது.

'லாக்' இப்படி வந்தது. 'இன்' தொழிற்சாலை வாசலிலிருந்து வந்தது என்று சொல்வேன். நியூயார்க் மாநிலத்தில் வில்லர்ட் பண்டி என்ற நகைக்கடைக்காரர் 1880-களின் இறுதியில், தொழிலாளி வரும் நேரத்தைப் பதியும் கடிகாரம் ஒன்றைச் செய்தார். ஆங்கிலத்தில் 'கிளாக் இன்' என்பது இதுதான், நம் ஆலைகளில் 'பஞ்ச் அடிப்பது'. பண்டியின் கம்பெனி வேறு சிலவற்றோடு சேர்ந்து, பெயர் மாறி, 1924-இல் ஐ.பி.எம். ஆனது. வருகைக் கடிகாரம் விற்ற அந்தப் பரம்பரையின் ஐ.பி.எம். கம்ப்யூட்டரில்தான் 'லாகின்' என்ற கட்டளை வழக்கத்துக்கு வந்தது.

அது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில். கம்ப்யூட்டர் பல லட்சம் டாலர் விலை, காத்திருப்போர் வரிசையோ நீளம். ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில், தனக்கே உரியதுபோல் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற ஏற்பாட்டை ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கி, 1961 நவம்பரில் செய்து காட்டியது. யார் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று கணக்கு வேண்டாமா? அதனால் தட்டச்சு முனையத்தில் உட்கார்ந்ததும் 'லாகின்' என்று அடித்துத் தன் எண்ணையும் பெயரையும் கொடுக்க வேண்டும், எழும்போது 'லாக் அவுட்'. கதவு கிதவு என்று எதுவும் யார் மனத்திலும் இல்லை. நோட்டில் பெயர் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

ஒருவர் பெயரில் இன்னொருவர் ஏறிவிடக் கூடாதே என்று பாஸ்வேர்டு கூடவே வந்தது. வந்த வேகத்தில் திருட்டும் வந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரம் நான்கு மணி நேரம்தான் ஒதுக்கீடு, அது போதவில்லை. 1962-இல் பாஸ்வேர்டு கோப்பையே அச்சடித்துத் தரும்படி இயந்திரத்துக்கு அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுத்தார், அதுவும் அச்சடித்துத் தந்தது. கால் நூற்றாண்டு கழித்துத்தான் வெளியே சொன்னார். 1966-இல் இன்னும் வேடிக்கை. கோப்பு மாறிப்போய், லாகின் செய்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்பு வரவேண்டிய இடத்தில் எல்லோருடைய பாஸ்வேர்டும் வந்து விழுந்தது.

இண்டர்நெட்டின் தாயான ஆர்ப்பாநெட்டில் இரண்டு ஊர்க் கம்ப்யூட்டர்கள் முதன்முதலில் பேச முயன்றதும் இந்தச் சொல்லில்தான். 1969 அக்டோபர் 29 இரவு பத்தரை. லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கம்ப்யூட்டரில் லாகின் செய்யப் பார்த்தார். மறுமுனையில் பில் டுவால், நடுவில் டெலிபோன். 'எல்' அடித்தார், வந்ததா என்று கேட்டார், வந்தது. 'ஓ' அடித்தார், அதுவும் வந்தது. 'ஜி' அடித்ததும் மறுமுனை இயந்திரம் படுத்துவிட்டது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து முழுச் சொல்லும் போய்ச் சேர்ந்தது. ஆர்ப்பாநெட்டில் முதலில் போனது அந்த இரண்டு எழுத்துதான். அன்றிரவு நடந்ததற்கு அத்தாட்சி என்ன தெரியுமா? அந்த ஆய்வகத்தில் பேனாவால் எழுதிய ஒரு லாக் புத்தகத்தின் ஒற்றை வரி.

மாணவர்களுக்காக இலக்கணம் கொஞ்சம். ஆங்கிலத்தில் வினையாக வரும்போது 'லாக் இன்' இரண்டு சொல், நடுவில் இடைவெளி விட வேண்டும். பெயராக வரும்போது 'லாகின்' ஒரே சொல். இறந்தகாலம் 'லாக்டு இன்'. நம் அலுவலக மின்னஞ்சல்களில் உலவும் 'லாகின்டு' எந்த அகராதியிலும் ஏறாது. வினைக்கும் சிறுசொல்லுக்கும் நடுவே ஆளை நுழைக்கலாம், 'லாக் மீ இன்' என்பார்கள். என்னைப் பதிவில் ஏற்று என்ற பழைய பொருள் அந்த அமைப்பில் அப்படியே இருக்கிறது. 'லாக் ஆன்' என்பதும் இதுவே. சில கம்பெனிகள் அதை வழக்கமாக்கின, இப்போது பலரும் 'சைன் இன்' பக்கம் போய்விட்டார்கள். தமிழில் 'உள்நுழை' பரவிவிட்டது. விக்கிப்பீடியாக்காரர்கள் 'புகுபதிகை' என்கிறார்கள். வாயில் நுழையக் கொஞ்சம் சிரமம், ஆனால் பதிவு என்ற பொருளை விடாமல் பிடித்திருப்பது அதுதான்.

பழைய பொருள் செத்துப்போகவில்லை என்பதற்குச் சென்னை ஓ.எம்.ஆர். சாலை போதும். கால் சென்டரில் வேலை செய்யும் பிள்ளைகளைக் கேளுங்கள், 'லாகின் அவர்ஸ்' என்பார்கள். மணிக்கணக்கு குறைந்தால் சம்பளத்தில் கை வைப்பார்கள். 1850-இன் மாலுமிக்கும் அவர்களுக்கும் இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒன்று உண்டு. மாலுமிக்கு எழுதியதைப் படித்துக் காட்டினார்கள்.

பதிவு ஆளைக் காப்பாற்றவும் செய்யும். 1986-இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றப்பட்டார். பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் இடிக்கிறது, பார் என்று கொடுத்தார்கள். ஏறக்குறைய ஒன்பது விநாடி நேரத்துக்குக் காசு கட்ட ஆளில்லை. வேறு யாராவதாக இருந்தால் ஒரு டாலரைக் கையிலிருந்து போட்டு முடித்திருப்பார்கள். ஸ்டோல் விடவில்லை. வரும் தொலைபேசி இணைப்புகளிலெல்லாம் பிரின்டரை மாட்டி, மேசைக்கடியில் படுத்துத் தூங்கி, மாதக்கணக்கில் பின்தொடர்ந்தார். பிடிபட்டவர் மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில் இருந்த மார்கஸ் ஹெஸ். அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களில் திருட்டுத்தனமாக லாகின் செய்து, எடுத்ததைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற கும்பலைச் சேர்ந்தவர்.

நம் பதிவை நாமும் பார்க்கலாம். நெட் பேங்கிங்கில் நுழைந்ததும் ஓர் ஓரத்தில், சின்ன எழுத்தில், கடைசியாக எந்தத் தேதி எத்தனை மணிக்கு லாகின் ஆனது என்று ஒரு வரி பெரும்பாலான வங்கிகளில் வரும். ஈமெயிலிலும் எந்தெந்தக் கருவியிலிருந்து நுழைந்தது என்ற பட்டியல் இருக்கும். அவசரத்தில் யாரும் படிப்பதில்லை, இனிமேல் படியுங்கள். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தை அது காட்டினால் உடனே பாஸ்வேர்டை மாற்றி வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பிரவுசிங் சென்டரில் எழும்போது லாக் அவுட் செய்யவும் மறக்காதீர்கள்.